மேடு என்றால் அச்சு

எங்கள் ஊரை அடித்த அச்சில் விரிசல் விழுந்திருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவன் நான்தான் என்று சொல்லிக்கொள்ள ஆசை. உண்மையில் முதலில் கண்டுபிடித்தது ஒரு நாய். புரட்டாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில், உடையடியூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, என் ஜெராக்ஸ் கடைக்கும் அருமைநாயகத்தின் டீக்கடைக்கும் நடுவில் எப்போதும் படுத்திருக்கும் செவலை நாய் எழுந்து, சோம்பல் முறித்து, தன் முதுகின் குறுக்கே புதிதாக ஓடிய மெல்லிய மேடு ஒன்றை நக்கப் பார்த்து, நாக்கு எட்டாமல் தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருந்தது. நாய்க்கு ஏதோ பூச்சி என்று நினைத்தவர்கள் குனிந்து பார்த்தபோதுதான் அந்த மேடு நாயோடு நிற்கவில்லை, நாய் படுத்திருந்த தரையிலும் இரண்டு பக்கமும் ஓடுகிறது என்பதைக் கண்டார்கள்.

கோடு மேற்கே கல்குவாரிப் பாறையில் தொடங்கி, குவாரிக் குழியில் தேங்கிய தண்ணீரின் மேல் தண்ணீராகவே மேடிட்டு ஓடி, புளியமரத்தில் மரமாக ஏறி இறங்கி, லிங்கதுரை வீட்டுக் கூரையில் ஓடாகவும் சுவரில் சுவராகவும் கடந்து, சந்தைத் திடலைத் தாண்டி, டீக்கடை மேசையின் குறுக்கே போய், ரயில்வே கேட்டுக்கு அப்பால் உடைமரங்களுக்குள் மறைந்தது. சாக்குத் தைக்கும் சணலின் தடிமன்தான் இருக்கும், ஆனால் எதைக் கடந்ததோ அதுவாகவே இருந்தது. கல்லில் கல்லாக, சுண்ணாம்பில் சுண்ணாம்பாக, அந்த நேரத்தில் அதன் வழியில் படுத்திருந்தவர்கள்மேல் தோலாக. அவர்கள் எழுந்து போனபோது தங்கள் பங்கைத் தங்களோடு எடுத்துக்கொண்டு போனார்கள். டீக்கடை மேசையில் வைத்த டீயின் மேல் ஆடை படிவதற்கு முன்பே கோடு படிந்தது. கலக்கினால் மறைந்து, கரண்டியை எடுத்ததும் திரும்பி வந்தது. அருமைநாயகம் சர்க்கரையைக் கூட்டிப் பார்த்தார், பாலைக் குறைத்துப் பார்த்தார், கடைசியில் டீயின் விலையை ஏற்றினார்.

குடிநீர்க் குழாய்க்காரர்கள் இது கேபிள்காரர்கள் வேலை என்றார்கள். கேபிள்காரர்கள் குழாய்க்காரர்களைக் கை காட்டினார்கள். இரண்டு தரப்பும் சேர்ந்து கடப்பாரையால் ஓரிடத்தில் தோண்டிப் பார்க்க, தோண்டிய குழியின் அடியிலும் கோடு மேடிட்டு நின்றது. அப்போதுதான் யாருக்கோ என்னிடம் பூதக்கண்ணாடி இருப்பது ஞாபகம் வந்தது.

என் பெயர் திரவியம். ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. என்னை ‘அடிபட்டது அண்ணாச்சி’ என்பார்கள். சில வருஷங்களாக, பிழையோடு அச்சான ஒரு நாணயத்துக்கு லட்சக்கணக்கில் கிடைக்கும் என்று கைப்பேசியில் யாராவது ஒருவர் கண்ணை உருட்டிச் சொல்லிக்கொண்டே இருக்கிறார், அதைப் பார்த்துவிட்டு ஊர் தன் உண்டியல்களையும் மஞ்சள் பைகளையும் சாமி படத்துக்குப் பின்னால் வைத்த முடிச்சுகளையும் அவிழ்த்துக்கொண்டு என் கடைக்கு வருகிறது, நான் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு “அடிபட்டது” என்கிறேன். லாரிச் சக்கரத்தில் சிக்கிய காசு, அமிலத்தில் போட்ட காசு, வேலையில்லாத மச்சான் இடுக்கியில் பிடித்து நெரித்த காசு, ரயில் தண்டவாளத்தில் வைத்த காசு, எல்லாம் எனக்கு அந்த ஒரே வார்த்தைதான். நாணயச் சாலையில் பிறக்கும்போதே வந்த பிழைக்குத்தான் மதிப்பு. பிறந்த பிறகு பட்ட அடிக்கு ஒரு மதிப்பும் கிடையாது, அதில் போட்டிருக்கிற ரூபாய்க்குச் செல்லும், அவ்வளவுதான். இந்த வார்த்தையைக் கேட்டு முகம் தொங்காத ஒருவரை நான் பார்த்ததில்லை. நானே என் வாழ்நாளில் ஒரு நிஜமான அச்சுப்பிழையைக் கையில் வைத்திருந்ததில்லை என்பது யாருக்கும் தெரியாது, என் மனைவி கல்யாணியைத் தவிர. கல்யாணிக்குத் தெரிந்தால் எல்லாருக்கும் தெரிந்த மாதிரிதான்.

வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்லி வாய் வலித்ததால் கடை வாசலில் ஒரு தகரப் பலகை மாட்டியிருந்தேன். ‘மேடு என்றால் அச்சு. பள்ளம் என்றால் அடி.’ அச்சில் விரிசல் விட்டால் உலோகம் அந்த விரிசலுக்குள் புகுந்துகொள்ளும், அதனால் நாணயத்தில் ஒரு மேட்டுக்கோடு எழும்; பின்னால் விழுந்த கீறலோ நாணயத்தைக் குடைந்து பள்ளமாக நிற்கும். இதற்கு மூன்றாவதாக ஒரு விதியும் உண்டு, அதுதான் முக்கியமானது: ‘மறுபக்கமும் பார்க்கவும்.’ பலகை எழுதிய பெயிண்டர் எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டதால் அந்த வரியை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். தினமும் ஆதார் அட்டையை முன்னும் பின்னும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துப் பிழைக்கிறவன் மறுபக்கத்தை விட்டுவிட்டான் என்பதை இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

டீக்கடை மேசையில் பூதக்கண்ணாடியை வைத்து, கோட்டை நெடுநேரம் பார்த்து, இருமிவிட்டு, இது அச்சில் வந்தது என்று சொன்னேன். நாணயம் என்பது வெறும் வில்லை, அதை இரண்டு அச்சுகளுக்கு நடுவில் வைத்து அடிப்பார்கள், அடித்து அடித்துப் பழசான அச்சு ஒருநாள் விரியும், அந்த விரிசல் அதற்குப் பிறகு அடிக்கிற ஒவ்வொன்றிலும் கோடாக விழும் என்றெல்லாம் சொன்னேன்.

“அப்போ நம்மள அடிச்ச அச்சு பழசாப் போச்சுன்னு சொல்லுதீரு,” என்றார் அருமைநாயகம்.

“ஆமா.”

“எப்ப வே அடிச்சாங்க?”

“ராத்திரிதான் அடிச்சிருக்கணும். அதுக்கு முந்தியும் ராத்திரிக்கு ராத்திரி அடிச்சிருப்பாங்க போல. நேத்துத்தான் விரிஞ்சிருக்கு.”

கூட்டம் சற்று யோசித்தது. காலையில் எழுந்திருக்கும்போது உடம்பெல்லாம் வலிப்பது அதனால்தானா என்று ஒருவர் கேட்டார். இருக்கலாம் என்றேன். அதோடு விஷயம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவரவர் டீயைக் கோட்டோடு குடித்துவிட்டு வேலைக்குப் போனார்கள்.

அதற்குப் பிறகு ஊர் கோட்டோடு வாழப் பழகியது. கோட்டுக்கு வடக்கே, கோட்டுக்குத் தெற்கே என்று வழி சொன்னார்கள். கோடு போன மனைகளுக்கு விலை ஏறியது, போகாத மனைக்காரர்கள் சிமெண்டில் ஒரு கோடு இழுத்துவிட்டு என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உடம்பில் கோடு விழுந்தவர்கள் கோட்டுக்காரர்கள் ஆனார்கள். கோயில் கொடை விழாவில் அவர்களுக்கு முதல் திருநீறு, பேருந்தில் அவர்களுக்கு ஜன்னல் சீட்டு, பெண் பார்க்கப் போகிற வீட்டில் மாப்பிள்ளைக்குக் கோடு உண்டா என்று ஒரு கேள்வி. வியாபாரிகள் சங்கத் தலைவர் தங்கப்பழத்துக்கு வழுக்கைத் தலையின் நடுவில் நெற்றியிலிருந்து பிடரி வரை கோடு ஓடியது. அவர் அன்று மொட்டைமாடியில் சரியான கோணத்தில் படுத்திருந்தார், அவ்வளவுதான், ஆனால் ஊருக்கு உழைத்ததற்குக் கிடைத்தது என்பது போலத் தலைக்கு எண்ணெய் தடவி, குனிந்து குனிந்து வணக்கம் சொல்லத் தொடங்கினார்.

என் கடையை ஒரு முழம் தள்ளிக் கோடு போயிருந்தது. என்மேல் எதுவும் விழவில்லை. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் என் நெற்றியில் ஒரு குழி உண்டு, அது ஒருவேளை இரவோடு இரவாக மேடாகியிருக்குமோ என்று காலையில் பல் விளக்குவதற்கு முன் கண்ணாடியில் பூதக்கண்ணாடியும் கையுமாகப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கல்யாணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “ஊரே அச்சுல வந்தது, நீங்க மட்டும் அடிபட்டது,” என்றாள்.

ஆனாலும் அது எனக்குப் பொற்காலம். இது நிஜக் கோடா, சிமெண்டுக் கோடா, சொறிந்த தடமா என்று சொல்ல ஊரில் ஆள் நான் ஒருவன்தான். நான் மேடு என்றால் மேடு. முதன்முறையாக என் வாயிலிருந்து ‘அச்சு’ என்ற வார்த்தை வந்தது, வந்த பிறகு நிற்கவில்லை. அந்த வார்த்தையைச் சொன்னால் மனிதர்கள் எப்படிச் சிரிக்கிறார்கள் என்பதை அந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன். பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளிவைத்துவிட்டுச் சுழல் நாற்காலி வாங்கினேன். சட்டையை இஸ்திரி போட்டேன். யாராவது கூப்பிட்டால் உடனே திரும்பாமல், நாற்காலியோடு சேர்ந்து மெதுவாகத் திரும்பினேன்.

மெல்ல மெல்ல ஊரில் எதுவுமே அடிபட்டதாக இல்லாமல் போயிற்று. புதிதாகக் கட்டிய வாய்க்காலின் தளம் பெயர்ந்து துருத்தியபோது கான்ட்ராக்டர் அதை அச்சில் வந்தது என்றார், விரலால் தடவிப் பார்த்தவர்களுக்கு மேடுதான் தட்டுப்பட்டது. ஆட்டோவை இடித்துவிட்டுப் போன வேன்காரர், ஆட்டோவின் உள்பக்கம் உட்கார்ந்து பார்த்தால் மேடு தெரிகிறதே என்றார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் தொடையில் எழுந்திருந்த தடிப்புகளைக் காட்டித் தாய்மார்கள் கேட்டபோது, தலைமையாசிரியர் என் பலகை இருக்கும் திசையைக் கை காட்டினார். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியிராத ஊர் எவ்வளவு அமைதியாக இருக்கும் என்பதை நான் நேரில் பார்த்தேன். சுழல் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன்.

அந்த அமைதியில்தான் ஆவுடைச்செல்வி என் கடைக்கு வந்தாள்.

புறவழிச்சாலை பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கிறவள். சில்லறையில் கோணலாக எதைக் கண்டாலும் சட்டைப் பையில் தனியாக எடுத்து வைத்து, சம்பள நாளில் என்னிடம் கொண்டுவந்து கொட்டுவாள். நான் ஒவ்வொன்றாகப் பார்த்து அடிபட்டது, அடிபட்டது என்று தள்ளுவேன். “நாக்குல சனியன் உக்காந்திருக்காண்ணாச்சி உங்களுக்கு,” என்று சிரித்துக்கொண்டே அள்ளிக்கொண்டு போவாள். லிங்கதுரையின் மனைவி. கோடு கூரை வழியாகவும் சுவர் வழியாகவும் கடந்ததே, அதே லிங்கதுரை. இப்போது மகளைக் கூட்டிக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தன் அக்கா வீட்டில் இருந்தாள்.

அன்று காசு எதுவும் கொண்டுவரவில்லை. பங்குத் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு இடது கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள். கண்ணுக்குக் கீழிருந்து தாடை வரை ஒரு மேடு.

கோடு வருவதற்கு முந்தின வாரம் லிங்கதுரை தோசைக் கரண்டியால் அடித்தது என்றாள். ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்தில் நின்றதால் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லியிருக்கிறாள். தையல் போட்டுக் கட்டுப் போட்டிருந்தார்கள். கட்டு இருக்கும்போதே கோடு வந்தது. கட்டுப் பிரித்தபோது கன்னத்தில் மேடு இருந்தது. அவள் வீட்டை விட்டு வந்த பிறகு லிங்கதுரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்: நான் அடிக்கவில்லை, கட்டுக்குள்ளே கோடு விழுந்திருக்கிறது, என் வீட்டு வழியாகத்தானே போகிறது, வேண்டுமானால் தடவிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் பேச்சு வைத்திருந்தார்கள். கோடுதான் என்று முடிவானால் அவள் புருஷன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும், மகளோடு. வராவிட்டால் மகளை மட்டுமாவது அனுப்ப வேண்டும். அடிதான் என்றால் அவள் அக்கா வீட்டிலேயே இருந்துகொள்ளலாம், ஊர் அவள் பக்கம் நிற்கும்.

நான் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். மேடு. எந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாலும் மேடு. தொண்டையைச் செருமிக்கொண்டு, இதெல்லாம் உடனே சொல்லக்கூடிய விஷயமில்லை, வெளிச்சம் போதாது, கோட்டின் ஓட்டத்தைப் படிக்க வேண்டும் என்று இழுத்தேன்.

அவள் தொப்பியை எடுத்துக்கொண்டாள். “எத்தன காசு கொண்டாந்திருப்பேன் அண்ணாச்சி. எல்லாத்தையும் ஒரே மூச்சுல அடிபட்டதுன்னு தள்ளினீங்க. அந்த வார்த்தைய ஒரு தடவ நானே கேட்டு வந்திருக்கேன். இப்பப் போயி யோசிக்கீங்க.”

சுழல் நாற்காலி தானாக ஒரு கால் வட்டம் சுற்றி என்னைச் சுவர்ப் பக்கம் திருப்பியது. நாற்காலிக்கு இருந்த வெட்கம் எனக்கு அப்போது இல்லை. சொன்னால் என்ன ஆகும் என்பதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். மேடாக இருப்பதை அடி என்று சொல்லிவிட்டால் என் பலகை பொய்யாகும். பலகை பொய்யானால் கான்ட்ராக்டரும் தலைமையாசிரியரும் தங்கப்பழமும் என்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். நான் திரும்பவும் அடிபட்டது அண்ணாச்சி ஆகிவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் ஊர் கூடியிருந்தது. நடுவில் தங்கப்பழம், தலையில் எண்ணெய் மினுங்க. ஒரு பக்கம் லிங்கதுரை, அவன் அண்ணன்மார். மறுபக்கம் ஆவுடைச்செல்வி, அவள் அக்கா. நான் உள்ளே நுழைந்தபோது மேசையின் மேல் என் கடைப் பலகை இருந்தது. காலையில் கடையைத் திறந்தபோது ஆணி மட்டும் இருந்ததைப் பார்த்துக் காற்று கொண்டுபோயிற்று என்று நினைத்திருந்தேன். லிங்கதுரையின் அண்ணன் அதைக் கழற்றிக்கொண்டு வந்து, துணியால் துடைத்து, சாட்சி போல நிறுத்தி வைத்திருந்தான்.

தங்கப்பழம் அதைச் சத்தமாகப் படித்தார். படித்துவிட்டு, அண்ணாச்சியே எழுதி வைத்திருக்கும்போது நாம் பேச என்ன இருக்கிறது, ஒரு மரியாதைக்குத்தான் கூப்பிட்டோம், பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லாரும் சாப்பிடப் போகலாம் என்றார்.

ஆவுடைச்செல்வியை நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். நான் கன்னத்தைப் பார்த்தேன். அதே மேடு. தோல் ஆறும்போது மேடு கட்டும் என்பது அடிபட்டவர்கள் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். காசுக்கு ஆறத் தெரியாது. அதனால்தான் காசில் பட்ட கீறல் கடைசி வரை பள்ளமாகவே கிடக்கிறது, அதை மட்டுமே பார்த்துப் பார்த்து நான் ஒரு விதியை எழுதி வாசலில் மாட்டியிருக்கிறேன். இவ்வளவும் எனக்கு அந்த இடத்தில், பூதக்கண்ணாடிக்குக் கீழே, விளங்கியது. விளங்கியதை எப்படி நிரூபிப்பது என்பது விளங்கவில்லை. சபையில் நின்று தோல் ஆறும், காசு ஆறாது என்று சொன்னால், அப்படியானால் தலைவர் தலையில் இருப்பதும் ஆறிய அடியா என்று கேட்பார்கள்.

என்ன செய்வதென்று தெரியாதபோது மனிதன் கைப்பழக்கத்தைச் செய்வான். ஜெராக்ஸ் எடுக்கிறவனின் கைப்பழக்கம் அட்டையைத் திருப்புவது. “பின்பக்கம்,” என்றேன்.

“என்னது?” என்றார் தங்கப்பழம்.

மறுபக்கம் பார்க்காமல் சொல்லக் கூடாது, அது மூன்றாவது விதி, பலகையில் இடமில்லாமல் விட்டுப்போயிற்று என்றேன். சபை சிரித்தது. பொம்பளையைப் புரட்டிப் பார்க்கப் போகிறார் என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, இன்னும் சிரித்தது. நான் ஆவுடைச்செல்வியின் பின்னால் போய் நின்று, பூதக்கண்ணாடியை அவள் பிடரிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். அந்தக் கோலத்தில் நான் எப்படி இருந்திருப்பேன் என்பதைக் கல்யாணி பிற்பாடு வீட்டில் நடித்துக் காட்டினாள், அதனால் எனக்குத் தெரியும்.

பிடரியில் ஒன்றும் இல்லை. வியர்வை, சில குட்டி முடிகள், பவுடர். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், நிமிர்ந்தால் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்பதால்.

நேரமாவதைப் பொறுக்காமல் லிங்கதுரை எழுந்தான். “இதுல என்னய்யா ஆராய்ச்சி. கோடு எங்கூரைல இறங்கி, சுவர்ல வந்து, இப்பிடி இவ மூஞ்சில,” என்று சொல்லிக்கொண்டே கோடு வந்த வழியைக் காட்டக் கையை உயர்த்தினான்.

அவ்வளவுதான் அவன் செய்தது. அவளைத் தொடவில்லை, கிட்டேகூட இல்லை. ஆனால் என் கண்ணாடிக்குக் கீழே, பல மடங்கு பெரிதாக, அந்தக் குட்டி முடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து நின்றன, கழுத்து நரம்பு கயிறாக இறுகியது, இரண்டு தோள்களும் மேலே ஏறி, தலை அவற்றுக்குள் அமுங்கி, பின்கழுத்து என்று ஒன்று இல்லாதபடி தட்டையாயிற்று. அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. முன்னாலிருந்து பார்த்தவர்கள் அது அசையவே இல்லை என்றார்கள்.

விரிசல் விட்ட அச்சு நாணயத்தின் ஒரு பக்கத்தில்தான் கோடு போடும், மறுபக்கத்தை ஒன்றும் செய்யாது. சுத்தியலால் அடித்த காசைத் திருப்பினால் அப்படி இருக்காது. அடி ஒரு பக்கம் விழுந்தாலும் மறுபக்கம்தான் தட்டையாகும். இதை நான் பார்த்த அளவுக்கு இந்த ஜில்லாவில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், ஏனென்றால் என்னிடம் வந்ததெல்லாம் அடிபட்டவைதான்.

“தலைவரே,” என்றேன், “கொஞ்சம் இங்க வந்து பாருங்க. லிங்கதுரை, நீ கைய எறக்கு. இப்பத் தூக்கு.”

லிங்கதுரை கையை இறக்கினான். தூக்கவில்லை. தூக்குவதற்கும் தயக்கமாக, இறக்கியதை எங்கே வைப்பதென்றும் தெரியாமல் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். பரவாயில்லை, நான் தூக்குகிறேன் என்று தங்கப்பழம் தன் கையை உயர்த்திக்கொண்டே எழுந்து வந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். அவர் கைக்கு ஒரு முடிகூட அசையவில்லை. தன் கையைப் பார்த்தார், லிங்கதுரையின் பாக்கெட்டைப் பார்த்தார், பிறகு யாரும் சொல்லாமலே தன் பிடரியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அருமைநாயகம் பின்வரிசையிலிருந்து, அவனையே தூக்கச் சொல்லுங்கள் என்றார். இன்னும் சிலரும் சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை. லிங்கதுரையின் கை பாக்கெட்டை விட்டு வெளியே வரவில்லை, அவன் அண்ணன்மாரும் அவனைத் தூக்கச் சொல்லவில்லை.

“அடிபட்டது,” என்றேன்.

எத்தனையோ வருஷமாகச் சொன்ன வார்த்தை, நாக்குக்கு வழி தெரியும். ஆனால் சபையில் அது ஏதோ புதிதாக ஒலித்தது. கான்ட்ராக்டர் கழுத்தைத் தாழ்த்திக்கொண்டார்.

ஆவுடைச்செல்வி திரும்பவில்லை. முன்னால் பார்த்தபடியே, “இன்னொரு தடவ சொல்லுங்கண்ணாச்சி,” என்றாள்.

“அடிபட்டது தாயி.”

லிங்கதுரையின் அண்ணன் கடைசியாக ஒன்று சொல்லிப் பார்த்தான். அடிபட்டதற்கு மதிப்பில்லை என்று அண்ணாச்சிதானே ஊருக்கெல்லாம் சொல்கிறார், அப்படி மதிப்பில்லாத ஒருத்திக்காகவா இவ்வளவு பேரும் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம் என்றான். அவள் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டாள். மதிப்பை வைத்து அவள் என்ன செய்யப்போகிறாள், மூன்று மணிக்கு அவளுக்கு ஷிப்ட். அக்காவோடு வெளியே போனாள். மகள் யாரிடம் இருப்பது என்பதைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

ஊருக்கு என்மேல் கோபம் வந்தது. கோபப்பட்டதைவிட, ஒருவரையொருவர் பின்பக்கமாகப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதுதான் உண்மை. தலைமையாசிரியர் வராந்தாவில் நடக்கும்போது பிள்ளைகளின் பிடரிகளைத் தாய்மார்கள் பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்தார்கள். கான்ட்ராக்டர் கட்டிய வாய்க்காலின் தளத்தைப் பெயர்த்துத் திருப்பிப் பார்த்து, அடியில் சிமெண்டே இல்லை என்பதைக் கண்டார்கள். ஊரின் அமைதி கெட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் கேட்டார்கள், மற்றவர்கள் வெளியூர் போனார்கள். எனக்கு யாரும் வணக்கம் சொல்லவில்லை, சுழல் நாற்காலியின் ஒரு சக்கரம் கழன்றுவிட்டது, நான் பிளாஸ்டிக் நாற்காலிக்குத் திரும்பினேன்.

கோடும் புழங்கப் புழங்கத் தேய்ந்தது. மாட்டுவண்டியும் லாரியும் செருப்பும் அதை மழுக்கின. தங்கப்பழத்தின் தலையில் எண்ணெய் தடவிய விரலே அதைத் தேய்த்திருக்க வேண்டும். டீயில் மட்டும், நன்றாகக் குனிந்து பார்த்தால், இன்னும் ஒரு மெல்லிய வரி தெரிகிறது. அருமைநாயகம் விலையைக் குறைக்கவில்லை.

பலகையை வாங்கி வந்து, விட்டுப்போன வரியை எழுதச் சொல்லிப் பெயிண்டரிடம் கொடுத்தேன். முன்பக்கம் இடமில்லை என்று அவன் அதைப் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தான். ‘மறுபக்கமும் பார்க்கவும்.’ நல்ல எழுத்து. சுவரைப் பார்த்தபடி தொங்குகிறது.

கார்த்திகையில் ஆவுடைச்செல்வி மகளின் பள்ளிக்கூடத்துக்காக ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க வந்தாள். முன்னும் பின்னும் எடுத்துக் கொடுத்தேன். பலகையைத் திருப்பிப் படித்துவிட்டு, “இங்க எழுதினா யாரு பாப்பா?” என்றாள்.

“காத்தடிச்சா திரும்பும்.”

“இந்த ஊர்ல எங்க காத்து,” என்றபடி சட்டைப் பையிலிருந்து ஒரு ஐந்து ரூபாய்க் காசை எடுத்து மேசையில் வைத்தாள். விளிம்பு நசுங்கி, நடுவில் ஒரு பெரிய தடம். நான் பூதக்கண்ணாடியைத் தேடினேன். தேட வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் அவளுக்காகத் தேடி எடுத்து, முன்பக்கம் பார்த்து, திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன்.

“அடிபட்டது,” என்றேன்.

“தெரியும். செல்லும்லா?”

“செல்லும்.”

அவள் அந்தக் காசை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, ஜெராக்ஸுக்கு வேறொரு காசைக் கொடுத்துவிட்டுப் போனாள்.